பழைய மடிக்கணினி ஏன் தவழ்கிறது?

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் 2 ஜிகாபைட் நினைவகமும் 320 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. பாகூர், வில்லியனூர் பக்கத்தில் புதுவைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே எல்லை என்பது பல இடங்களில் ஒரு வாய்க்கால்தான். ஆகவே கடலூர்ப் பக்கத்து அக்காவோ மாமன் மகனோ வாங்கிய அந்தப் பெட்டி, இன்று நம் வீட்டுப் பரண்மேல் தூங்கிக்கொண்டிருக்கலாம். எடுத்துப் போட்டால், விசையை அழுத்திவிட்டு ஒரு காபி குடித்து வரும்வரை திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "வயதாகிவிட்டது, காயலான் கடைக்குப் போடு" என்பார் அப்பா.

போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம். மாட்டுக்கு வயதானால் நடை தளரும். கணிப்பொறியின் செயலிக்கு அப்படி வயதாகுமா? ஆகாது. தூசி அடைத்து அது சூடேறாதவரை, வாங்கிய நாளில் வினாடிக்கு எத்தனை கூட்டல் போட்டதோ அத்தனையை இன்றும் போடும். அப்படியானால் தாமதம் எங்கே?

ஹார்ட் டிஸ்க்கில்தான். அதனுள் காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடு சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு கை ஆடி, செய்தி இருக்கும் இடத்தைத் தேடிப்பிடிக்கிறது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் செய்த முதல் டிஸ்க் ஏறத்தாழ ஒரு டன் எடை. கொள்ளளவோ 5 மெகாபைட்தான். அளவு சுருங்கிவிட்டதே தவிர, தத்துவம் மாறவில்லை.

நாமே கணக்குப் போடலாம். மடிக்கணினியின் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி வினாடி. தேடும் இடம் கைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். கை நகர்வதற்குச் சுமார் 12. மொத்தம் 17.5 மில்லி வினாடி. தொடங்கும்போது கணிப்பொறி பத்தாயிரம் இடங்களில் தேட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 175 வினாடி, அதாவது ஏறக்குறைய மூன்று நிமிடம், தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது!

எஸ்.எஸ்.டி. என்ற திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தகடும் இல்லை, ஆடும் கையும் இல்லை. ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980களில் தோஷிபா நிறுவனத்தில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. நாற்புறமும் மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு நுண்ணிய தீவை எண்ணிப்பாருங்கள். போதிய மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அந்தக் காப்புச் சுவரை ஊடுருவி உள்ளே போய்ச் சிறைப்படும். மின்சாரத்தை நிறுத்தினாலும் வெளியே வர வழியில்லை. சிறையில் எலெக்ட்ரான் இருந்தால் ஒரு குறி, இல்லாவிட்டால் மற்றொரு குறி. இதைப் படிக்கப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வினாடி போதும். மேலே சொன்ன 175 வினாடி ஒரே வினாடியாகிவிடும். (கணிப்பொறி ஒரு வினாடியில் தொடங்கிவிடும் என்று பந்தயம் கட்டிவிடாதீர்கள், செயலி செய்ய வேண்டிய வேலை அப்படியே இருக்கிறது.)

இனி ராம் என்னும் நினைவகம். அதிலிருந்து செய்தி எடுக்க வினாடியில் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு ஆகிறது. எண்கள் மனத்தில் பதியவில்லையா? எல்லாவற்றையும் ஒரு கோடியால் பெருக்குவோம். பாகூரில் ஓர் அம்மா குழம்பு கொதிக்கும்போது உப்புக்குக் கை நீட்டுகிறார். அடுப்படியில் இருந்தால் 1 வினாடி, இது ராம். கடைத்தெருவுக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பினால் 17 நிமிடம், இது எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்க்கோ 48 மணி நேரம்! அதற்குள் ரயிலேறி டில்லிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதில் ஒரு வினோதம் உண்டு. அடுப்படி மேடை நிரம்பிவிட்டால் கணிப்பொறி என்ன செய்யும் தெரியுமா? அப்போதைக்குத் தேவைப்படாத பாத்திரத்தை டில்லிக்கு அனுப்பிவிடும். வேண்டியபோது அங்கிருந்தே வரவழைக்கும். 2 ஜிகாபைட் நினைவகத்தில் இன்றைய வலைப்பக்கங்கள் நான்கைத் திறந்தாலே இந்தப் போக்குவரத்து தொடங்கிவிடுகிறது. ஆகவே 2 ஜிகாபைட் மட்டுமே இருந்தால் முதலில் நினைவகத்தைக் கூட்டுங்கள். 4 இருந்தால் முதலில் எஸ்.எஸ்.டி. போடுங்கள் என்பது என் கருத்து.

வாங்குமுன் இரண்டைக் கவனிக்க வேண்டும். டி.டி.ஆர்.3 பட்டையின் வெட்டும் டி.டி.ஆர்.4 பட்டையின் வெட்டும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. சில மாதிரிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே நமக்கு வேலையில்லை. மேலும், 32 பிட் இயக்க அமைப்பு பொதுவாக 2-இன் 32 அடுக்கு, அதாவது 4,29,49,67,296 பைட்டுக்கு மேல் முகவரி கொடுக்காது. 8 ஜிகாபைட் போட விரும்பினால் 64 பிட் அமைப்பும் அதை ஏற்கும் செயலியும் வேண்டும்.

திருப்புளியை எடுக்குமுன், டிஸ்க்கில் உள்ள படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். ஒருமுறை "பிறகு எடுக்கலாம்" என்றிருந்து நான் இழந்தவை திரும்பவே இல்லை. பிறகு மின்னிணைப்பை நீக்கி, பாட்டரியைக் கழற்றி, விசையைச் சில வினாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பாட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நைலான் சட்டை வேண்டாம். விரலில் சுரீரென்று உணரும் நிலைமின் பொறி ஏறத்தாழ 3,000 வோல்ட்; அதைவிடக் குறைந்த, நாம் உணராத பொறியே சில்லைக் கெடுக்கப் போதும். ஆகவே நிலத்தோடு தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். திருகாணிகளை, கழற்றிய இடம் குறித்த தாளின்மேல் வரிசையாக வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் பலகையைத் துளைத்துவிடும். நினைவகப் பட்டையைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் இருபுறக் கொக்கியும் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் பலம் காட்டாதீர்கள். வெட்டு பொருந்தவில்லை என்று பொருள்.

எஸ்.எஸ்.டி.க்கும் குறையுண்டு. ஒவ்வொரு முறை எழுதும்போதும் காப்புச் சுவர் சற்றே தேய்கிறது. மேலும், மின்சாரமே காட்டாமல் நெடுங்காலம் பூட்டி வைத்தால் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மெல்லக் கசிந்துவிடும். ஆகவே நகல் எடுக்கும் பழக்கத்தை அதற்காக விட்டுவிட முடியாது.

கழற்றிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யு.எஸ்.பி. உறையில் போட்டு நகல் எடுக்க வைத்துக்கொள்ளலாம். செத்துப்போனதாக இருந்தால் ஆசிரியர் முன்னிலையில் திறந்து பாருங்கள். உள்ளே வலிமைமிக்க இரு காந்தங்களும் கண்ணாடிபோல் பளபளக்கும் தகடும் இருக்கும். மடிக்கணினி டிஸ்க்குகளில் அந்தத் தகடு பெரும்பாலும் உண்மையிலேயே கண்ணாடிதான். வளைத்துப் பார்க்க வேண்டாம், நொறுங்கிவிடும்.