ஒரு கோட்டில் அடங்காத பிணைப்பு

அணைவுச் சேர்மங்களைக் கற்பிக்கும்போது உலோகத்திலிருந்து ஈனிக்கு ஒரு கோடு வரைந்து, அதையே பிணைப்பு என்கிறோம். அம்மோனியா போன்ற ஈனிகளுக்கு அது பொருந்தும். ஈனியே ஒரு கார்பன் வளையமாக இருந்தால் கோட்டை எங்கே வரைவது? மேல்நிலை மாணவர்கள் இதைத் தாமே ஆராய்ந்தறிய ஃபெரோசீன் ஏற்ற எடுத்துக்காட்டு.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கீலி, பாசன் என்னும் இருவர் வேறொரு சேர்மத்தைத் தயாரிக்க முயன்றபோது ஆரஞ்சு நிறப் படிகம் கிடைத்தது. ஓர் இரும்பு அணுவும், ஐந்து கார்பன் கொண்ட இரு வளையங்களும் அதில் இருந்தன. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கார்பன் மட்டுமே இரும்போடு இணைந்திருப்பதாக வரைந்து, 1951-இல் வெளியிட்டனர். ஆனால் அச்சேர்மம் சிதையாமல் 173 டிகிரி செல்சியஸில் உருகியது. இத்தனை நிலைப்புத் தன்மைக்கு அந்த ஒற்றைக் கோடு போதுமா?

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: அட்டையில் வெட்டிய இரண்டு ஐங்கோணங்கள், ஒரு மணி, நூல்.

1. ஓர் ஐங்கோணத்தின் ஒரு முனையை மட்டும் மணியோடு நூலால் கட்டச் சொல்லுங்கள். மணியிலிருந்து பார்த்தால் முனைகள் எத்தனை வகை? கட்டிய முனை ஒன்று, அதன் பக்கத்து முனைகள் இரண்டு, தொலைவில் உள்ளவை இரண்டு. ஆக மூன்று வகை.

2. இப்போது இரு ஐங்கோணங்களுக்கும் நடுவே மணியை வையுங்கள். பத்து முனைகளும் மணியிலிருந்து சம தொலைவில் உள்ளன; ஒரே வகைதான்.

3. எந்த மாதிரி சரி என்பதற்குச் சான்று கேளுங்கள். அகச்சிவப்பு நிறமாலையில் ஃபெரோசீனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒரே வகையாகத் தெரிந்தன. வில்கின்சன், உட்வர்டு குழுவினரும், ஜெர்மனியில் ஃபிஷரும் 1952-இல் தனித்தனியே இந்த அடுக்கு அமைப்பை முன்வைத்தனர். எக்ஸ் கதிர் ஆய்வும் அதை உறுதிசெய்தது. வில்கின்சனும் ஃபிஷரும் 1973-இல் நோபல் பரிசு பெற்றனர்.

எலக்ட்ரான் கணக்கையும் மாணவர்களே போடட்டும். எதிர்மின்சுமை கொண்ட ஒவ்வொரு வளையமும் தரும் பை எலக்ட்ரான்கள் 6. இரு நேர்மின்சுமை கொண்ட இரும்பு அயனியின் வெளி எலக்ட்ரான்கள் 6. மொத்தம் 18. இது கிரிப்டானின் நிலைத்த அமைப்பு. வளையம் முழுவதுமே ஈனியாகச் செயல்படுகிறது.

மீஞ்சூர், மணலி வட்டாரத்தில் பெட்ரோலிய ஆலைகளைப் பார்த்து வளரும் மாணவர்களிடம் பாலித்தீன் பையைக் காட்டி இப்பாடத்தை நிறைவு செய்யலாம். எத்திலீனைப் பாலித்தீனாக்கும் வினையூக்கிகளில் ஒருவகை, இரும்புக்குப் பதில் சிர்கோனியத்தை இதே வளையங்களுக்கு இடையே கொண்டது. அங்கே வளையங்கள் சாய்ந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் எத்திலீன் வந்து சேர்கிறது.

மதிப்பீட்டில் 'வரைக' என்பதோடு நிறுத்தாமல், 'இப்படி வரையச் சான்று என்ன?' என்றும் கேளுங்கள். முதலில் வரைந்த படத்தைச் சான்று மாற்றியது என்பதே இப்பாடத்தில் மாணவர் பெற வேண்டியது.