தெற்கே ஒரு சூரியன்

இரவில் மின்னும் நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு சூரியன்தான். தூரத்தில் இருப்பதால் புள்ளியாகத் தெரிகிறது.

ஜூன் மாத நடுவில், இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்து நில்லுங்கள். மேகம் இருக்கக் கூடாது. தென்னிந்தியாவில், அடிவானத்துக்குச் சற்று மேலே இரண்டு நட்சத்திரங்கள் பளிச்சென்று அருகருகே தெரியும். இடப்பக்கம் இருப்பது ஆல்பா சென்டாரி. டில்லிக்காரர்களுக்கு இது கிடைக்காத காட்சி. அங்கே அது அடிவானத்தை விட்டு மேலே வருவதில்லை என்றே சொல்லலாம்.

வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் இதுதான் நமக்கு மிக அருகில் உள்ளது. பார்ப்பதற்கு ஒன்று. தொலைநோக்கியில் பார்த்தால் இரண்டு! ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள்.

இரண்டில் பெரியது நம் சூரியனைப் போன்றது. சூரியனின் எடை 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இதன் எடை 108 கிலோ. சூரியனின் குறுக்களவு 100 அடி என்றால், இதற்கு 122 அடி. வெளிச்சம் ஒன்றரை மடங்கு. மேற்பரப்பின் வெப்பம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றேதான். இரண்டிலும் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்.

அவ்வளவு தூரத்தில் உள்ளதன் வெப்பம் எப்படித் தெரியும்? கொல்லர் உலையில் இரும்பைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சிவக்கும். சூடு ஏற ஏற மஞ்சளாகும். பிறகு வெளுக்கும். நட்சத்திரமும் அப்படித்தான். அதன் ஒளியின் நிறத்தை ஆராய்ந்து வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். சிறிய நட்சத்திரம் சற்று ஆரஞ்சு நிறம். அதில் வெப்பம் குறைவு.

சூரிய ஒளி நம்மிடம் வர எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ஆல்பா சென்டாரியின் ஒளி வர நான்கு ஆண்டு, நான்கு மாதம் ஆகும். இன்று நாம் பார்க்கும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது பிறந்த குழந்தை, இப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருக்கும்.