நிற்கப்போகும் மரத்தைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

சுவீடனின் ஸ்மோலந்து காடுகளில் இளம் ஸ்புரூஸ் மரங்களைக் கலைத்துவிடும் வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். ரம்பத்தைத் தோளில் மாட்டும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். எதை வெட்டலாம் என்று தேடாதே. எதை நிறுத்தலாம் என்று முதலில் முடிவு செய். நேராக, ஒற்றை நுனியோடு, செழித்து நிற்பதைத் தேர்ந்தெடு. அதை நெருக்கும் மரம் மட்டும் போகட்டும்.

கலைத்துவிட்டால் காட்டின் மொத்த விளைச்சல் கூடிவிடாது. சற்றுக் குறையவும் செய்யும். ஆனால் ஆயிரக்கணக்கான குச்சிகளில் சிதறும் வளர்ச்சி, நிற்கும் மரங்களில் சேர்ந்து அடிமரம் பருக்கும். காகிதக் கூழுக்குப் போகும் மரமா, அறுவை ஆலைக்குப் போகும் மரமா என்பதைத் தீர்மானிப்பதில் இந்தப் பருமனுக்குப் பெரும் பங்கு உண்டு.

எண்ணிக்கைக்கு உன் கண்ணை நம்பாதே. 4 மீட்டர் கயிற்றின் ஒரு முனையை நடுவில் பிடித்துச் சுற்றிவந்தால் 50 சதுர மீட்டர் வட்டம் கிடைக்கும். அதற்குள் 11 மரங்கள் நின்றால் எக்டருக்கு 2,200. இந்த வயதுக் காட்டுக்கு அது பொருத்தமான அளவு.

வெட்டும் இடத்தையும் கவனி. ஸ்புரூஸை உயிருள்ள கடைசிக் கிளையடுக்குக்குக் கீழே வெட்டு. அடிக்கட்டையில் ஒரே ஒரு பச்சைக் கிளை மிஞ்சினாலும் அது மேல்நோக்கி வளைந்து, புதிய நுனியாகி, மறுபடி மரமாக எழும்பிவிடும். பிர்ச் மரமோ அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கும். ஆனாலும் குளிர்காற்று தேங்கும் பள்ளங்களில் பிர்ச்சை அடியோடு நீக்கிவிடாதே. வசந்தகால உறைபனியிலிருந்து ஸ்புரூஸின் இளந்தளிரைக் காப்பது அதன் மறைவுதான்.

பருவம் தவறவிடாதே. மரங்கள் 2 முதல் 4 மீட்டர் உயரத்தில் இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் நெருக்கத்தில் ஒல்லியாக உயர்ந்து, கீழ்க்கிளைகள் காய்ந்து, ஒன்றின் மறைவில் மற்றொன்று நிற்கும். அந்த நிலையில் திடீரென்று இடைவெளி விட்டால் காற்றும் பனிச்சுமையும் சாய்த்துவிடும். 2005 ஜனவரியில் குட்ருன் புயல் தெற்குச் சுவீடனில் வீழ்த்தியது சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரம், பெரும்பகுதி ஸ்புரூஸ். அப்படிப்பட்ட காற்றை எந்த வேலையும் முழுமையாகத் தடுக்காது. ஆனால் சிறு வயதிலேயே இடம் கிடைத்த மரம் அடி பருத்து, வேர் பரப்பி நிற்கும். தாக்குப்பிடிக்க அதற்கு வழி உண்டு.

எக்டர் கணக்கில் கூலி என்றால் அவசரம் உன்னைத் துரத்தும். அதற்கு இடம் கொடுக்காதே. அவசரத்தில் விழுந்த நல்ல மரத்தை எந்தக் கூலியும் திருப்பி நிறுத்தாது. சந்தேகம் வந்தால் ரம்பத்தை நிறுத்தி, நுனியை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு வெட்டு.

அன்புடன்,
உன் அண்ணன்