அதே 512 ஜிபி... வேகம் மட்டும் பாதி! ஏன்?

போன் வாங்கும்போது "8 ஜிபி ராமா, 12 ஜிபி ராமா?" என்று கேட்காதவர் உண்டா? தேர்வு முடிவு வரும் காலையில் நாம எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்கிற இணையதளம் ஓடுவதும் ராம் உள்ள சர்வரில்தான். அங்கே எத்தனை ஜிபி என்பது பாதிக் கேள்வி. அதை எப்படிப் பிரித்துப் பொருத்தியிருக்காங்க என்பது மீதிப் பாதி.

பெரிய சர்வரில் பெரும்பாலும் இரண்டு ப்ராசசர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ராம் ஸ்லாட்டுகள், தரவு போய்வரத் தனிச் சேனல்கள். 2023-ல் வந்த இன்டெல் ஜியான் 4-ம் தலைமுறையில் ஒரு ப்ராசசருக்கு 8 சேனல். இரண்டுக்கும் சேர்த்து 16.

இப்போ 512 ஜிபி வேணும். இரண்டு வழி இருக்கு:

1. 64 ஜிபி மாட்யூல் 8
2. 32 ஜிபி மாட்யூல் 16

கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் வழியில் 8 சேனல் காலியாகவே கிடக்கும். 16 கவுன்ட்டர் உள்ள இடத்தில் 8 மட்டும் திறந்த மாதிரி! டிடிஆர்5-4800 மாட்யூலில் ஒரு சேனல் நொடிக்கு அதிகபட்சம் 38.4 ஜிபி அனுப்பும். எனவே ஒரு ப்ராசசருக்கு முதல் வழியில் கிடைப்பது 153.6 ஜிபி, இரண்டாம் வழியில் 307.2 ஜிபி.

கவனிக்க வேண்டியவை:

* இரண்டு ப்ராசசருக்கும் சமமாகப் பிரியுங்க. ஒரு பக்கமே பொருத்தினால், மற்றது ஒவ்வொரு முறையும் அடுத்த ப்ராசசர் வழியாகச் சுற்றித்தான் தரவை எடுக்கணும்.
* ஒரே அளவு, ஒரே வகை மாட்யூல்களையே போடுங்க.
* ஒரு சேனலில் இரண்டு மாட்யூல் போட்டால் கொள்ளளவு கூடும், வேகம் குறையலாம். மேலே சொன்ன ஜியானில் 4800 என்பது 4400 ஆகிவிடும்.
* பிழை திருத்தும் இசிசி வகையா என்று பாருங்க. ஒரு பிட் தவறினால் அதுவே சரிசெய்துவிடும். மதிப்பெண், பட்டா போன்ற பதிவுகளில் ஒரு எண் மாறினாலும் பாதிப்பு நமக்குத்தானே!

தளம் திணறுவதற்கு நெட்வொர்க், மென்பொருள் என வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்தக் காரணத்தை வாங்கும்போதே தவிர்த்துவிடலாம். உங்கள் பள்ளிக்கோ சங்கத்துக்கோ சர்வர் வாங்கினால், விலைப்புள்ளியில் "512 ஜிபி" என்று மட்டும் இருந்தால் விடாதீங்க. "எத்தனை மாட்யூல், எந்தெந்த ஸ்லாட்டில்?" என்று எழுதித் தரச் சொல்லுங்க.