எதிரணி பெஞ்சில் உட்கார்ந்த ஹென்ரி

2018 ஜூலை 11, புதன்கிழமை, அதிகாலை 2 மணி. மாமாக் கடைகளில் நாற்காலி கிடைக்காத இரவு அது. இந்தப் பாடத்தைப் படிக்கும் உங்களில் சிலர் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பீர்கள். மறுநாள் பள்ளி இருக்கிறது என்று அம்மா எழுப்பியிருக்க மாட்டார். ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உலகக் கிண்ண அரையிறுதி ஆட்டம். ஒரு பக்கம் பிரான்ஸ், மறுபக்கம் பெல்ஜியம்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கேமரா அடிக்கடி ஒரு மனிதரைத் தேடிப் போனது. அவர் ஆட்டக்காரர் இல்லை. பெல்ஜியம் குழுவின் பெஞ்சில் துணைப் பயிற்றுநர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். பெயர் தியரி ஹென்ரி. பிரான்ஸ் நாட்டுக்காக 123 ஆட்டங்கள் ஆடி 51 கோல் போட்டவர். அன்றைய தேதியில் பிரான்ஸ் தேசியக் குழுவில் அவரைவிட அதிக கோல் அடித்தவர் யாருமில்லை. 1998-ல் பிரான்ஸ் தன் சொந்த மண்ணில் உலகக் கிண்ணத்தை வென்றபோது அவருக்கு வயது 20. அந்தப் போட்டியில் மூன்று கோல் போட்டு, தன் குழுவிலேயே அதிக கோல் அடித்தவராக இருந்தார். அந்தக் குழுவின் கேப்டன் டிடியே டெஷாம். 2018-ல் அதே டெஷாம்தான் பிரான்ஸின் தலைமைப் பயிற்றுநர், எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

என் பக்கத்து மேசையில் ஒருவர் கேட்டார்: "இவன் இப்போ யாரு ஜெயிக்கணும்னு நினைப்பான்?"

நல்ல கேள்வி. இந்தப் பாடம் முழுக்க அந்தக் கேள்விதான்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஹென்ரி இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காரணம் எங்கள் தாமானில் நடந்த ஒரு விஷயம். எங்கள் இளைஞர் குழுவுக்குப் பத்து வருடம் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடிய ஓர் அண்ணன் முழங்கால் வலியால் ஓய்வு பெற்றார். கொஞ்ச நாள் கழித்து வீடு மாறினார். மாறிய இடத்தில் இருக்கும் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் குழு வேறு யாருமில்லை, வருடா வருடம் நம்மை இறுதியாட்டத்தில் சந்திக்கும் குழு. அன்று இரவே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஒரே ஒரு வார்த்தை போட்டான்: "துரோகி." அதற்குக் கீழே பதினேழு பேர் கைதட்டல் போட்டார்கள். நான் எதுவும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன்.

அவர் ஏன் அங்கே போனார்?

ஹென்ரி 2014 டிசம்பரில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆர்சனல் கிளப்புக்கு 228 கோல் அடித்தவர் என்பதால், அந்தக் கிளப்பின் இளையோர் பிரிவிலேயே பயிற்றுநர் வேலையைக் கற்க ஆரம்பித்தார். கூடவே தொலைக்காட்சியில் காற்பந்து விமர்சகராகவும் இருந்தார். 2016-ல் ஆர்சன் வெங்கர், இரண்டு வேலையையும் ஒன்றாகப் பார்க்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடு என்றார். ஹென்ரி ஆர்சனலை விட்டு வெளியே வந்தார். சில வாரங்களில் வேறொரு கதவு திறந்தது. பெல்ஜியம் யூரோ 2016 காலிறுதியில் வேல்ஸிடம் 3-1 என்று தோற்று, ரொபெர்ட்டோ மார்டினெஸ் என்ற ஸ்பெயின்காரரைப் புதிய பயிற்றுநராக அமர்த்தியிருந்தது. அவர் ஹென்ரியைக் கூப்பிட்டார், 2016 ஆகஸ்டில் ஹென்ரி சேர்ந்தார்.

தலைமைப் பயிற்றுநரே ஸ்பெயின்காரர் என்பதைக் கவனியுங்கள். பெல்ஜியத்தில் பாதிப் பேர் டச்சு பேசுவார்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு. குழுவுக்குள் பொது மொழியாக ஆங்கிலத்தை வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் மூன்று நான்கு மொழிகளுக்கு நடுவில் திடலில் கத்தி விளையாடுகிற நமக்கு இது புதிதாகத் தெரியாது. பயிற்றுநர் வேலை என்பது இன்று எல்லை தாண்டும் ஒரு தொழில். பொறியியலாளர் அபுதாபிக்குப் போவது மாதிரி. அப்படியென்றால் ஹென்ரி போனதை மட்டும் ஏன் பெரிதாகப் பேசினார்கள்? ஏனென்றால் மற்றவர்களுக்குப் பின்னால் ஒரு நாட்டின் நினைவு இப்படி ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

பெல்ஜியத்துக்கு அவர் என்ன கொடுத்தார் என்பதை ரொமேலு லுகாகுவை வைத்துப் புரிந்துகொள்ளலாம். லுகாகு பெல்ஜியத்தின் தலைசிறந்த கோல் மன்னன். அவர் வளர்ந்த வீடு எப்படிப்பட்டது தெரியுமா? பால் தீர்ந்துவிடக் கூடாது என்று அம்மா அதில் தண்ணீர் கலந்து கொடுத்த வீடு. 2018 உலகக் கிண்ணத்தின்போது வெளிவந்த ஒரு கட்டுரையில் லுகாகுவே இதைச் சொன்னார். சிறுவனாக இருந்தபோது ஹென்ரியைத் தொலைக்காட்சியில் பார்க்கக்கூட வீட்டில் வசதி இல்லை என்றும், இப்போது அதே ஹென்ரியிடம் நேராகக் கற்றுக்கொள்வதாகவும் அதில் எழுதினார். அந்தப் போட்டியில் லுகாகு பனாமாவுக்கு எதிராக இரண்டு, துனீசியாவுக்கு எதிராக இரண்டு என நான்கு கோல் போட்டார்.

ஆனால் எனக்குப் பிடித்தது அவர் போடாத கோல். ஜப்பானுக்கு எதிரான ஆட்டம். 2-0 என்று பின்தங்கிய பெல்ஜியம் 2-2 ஆக்கிவிட்டது. காயநேரத்தில், 94-வது நிமிடம், பந்து குறுக்கே உருண்டு வருகிறது. லுகாகு காலை நீட்டினால் பட்டுவிடும். அவர் தொடவில்லை. பந்தைக் கால்களுக்கு இடையில் விட்டுவிட்டார், பின்னால் வந்த சாட்லி உள்ளே தள்ளினார், 3-2. இதை ஹென்ரிதான் சொல்லிக்கொடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தாக்குதல் ஆட்டக்காரன் எங்கே ஓட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதைப் பக்கத்தில் இருந்து பேச ஒரு பழைய தாக்குதல் ஆட்டக்காரர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அடுத்து காலிறுதியில் பிரேசிலையே 2-1 என்று வீழ்த்தினார்கள்.

அதன் பிறகுதான் அரையிறுதியில் பிரான்ஸ் வந்து நின்றது.

சல்லியன் செய்தது

இங்கே மகாபாரதத்தில் ஒரு மனிதரை நினைத்துப் பார்க்கலாம். சல்லியன், மத்ர நாட்டு மன்னன், நகுல சகாதேவர்களுக்குச் சொந்தத் தாய்மாமன். போர் வரப்போகிறது என்றதும் பெரும்படையோடு மருமகன்கள் பக்கம் சேரத்தான் கிளம்பினார். வழியெல்லாம் பந்தல், விருந்து, உபசாரம். தருமர்தான் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்து மனம் குளிர்ந்து, இதைச் செய்தவருக்கு என்ன வேண்டுமோ கேட்கட்டும் என்றார். வந்து நின்றதோ துரியோதனன்! என் பக்கம் படை நடத்துங்கள் என்றான். சொன்ன சொல்லை மீற முடியாமல் சல்லியன் ஒப்புக்கொண்டார். சாப்பாட்டுக்கு முன் யார் வீட்டுச் சாப்பாடு என்று விசாரிக்க வேண்டும் என்பது நம் பாட்டிமார் அறிந்த பாடம், மன்னருக்குத் தெரியவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் சல்லியனும் ஹென்ரியும் ஒரே வகை என்று சொல்லிவிடலாம். ஆனால் சல்லியன் நேராகத் தருமரிடம் போய் நடந்ததைச் சொல்கிறார். தருமர் கேட்கிறார்: "மாமா, நீங்கள் கர்ணனுக்குத் தேரோட்ட நேரும். அப்போது அவன் மனஉறுதியைக் குலைத்துவிடுங்கள்." இது செய்யத் தகாத காரியம் என்று தெரிந்தே, அதை வாயாலும் ஒப்புக்கொண்டே தருமர் கேட்கிறார். சல்லியன் சரி என்கிறார். பதினேழாம் நாள் கர்ணனின் தேரில் உட்கார்ந்துகொண்டு, அர்ச்சுனன் முன்னால் நீ எம்மாத்திரம் என்று வழியெல்லாம் பேசுகிறார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மறுக்கலாம். சல்லியன் கௌரவர் பக்கம் போனதைவிட, போன பிறகு செய்தது பெரிய பிழை. கர்ணன் அவரை நம்பிக் கடிவாளத்தைக் கொடுத்தான். பழைய பாசத்துக்காகப் புதிய நம்பிக்கையை உடைத்தால் அது பாசமே ஆகாது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு தங்கை உடனே எழுந்தாள்: "அண்ணே, அப்போ தருமர் கேட்டது?" நான் கொஞ்சம் திணறினேன். கேட்டவருக்கும் பங்கு உண்டு என்றுதான் சொல்ல முடிந்தது. தருமரே தகாதது என்று சொன்ன பிறகு நான் என்ன அவருக்கு வக்காலத்து வாங்குவது? ஆனால் ஒன்று. கர்ணன் விழுந்த பிறகு பதினெட்டாம் நாள் சல்லியனே படைத்தலைவர் ஆனார். அன்று ஒளிவுமறைவு இல்லாமல் போரிட்டார், தருமர் கையாலேயே மாண்டார். அந்த ஒரு நாள் சல்லியனை எனக்குப் பிடிக்கும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

ஹென்ரியிடம் வருவோம். அரையிறுதிக்கு முன் செய்தியாளர்கள் பிரான்ஸ் முகாமில் எல்லாரிடமும் அவரைப் பற்றித்தான் கேட்டார்கள். டெஷாம் இது விசித்திரமான நிலைமை என்றார். தாக்குதல் ஆட்டக்காரர் ஒலிவியே ஜிரூ, ஹென்ரி தப்பான பக்கத்தைத் தேர்ந்துவிட்டார் என்று காட்டினால் பெருமைப்படுவேன் என்று சிரித்தபடி சொன்னார். கோபம் இல்லாத சீண்டல். (பிறகு 2022-ல் ஹென்ரியின் 51 கோல் சாதனையை முறியடித்தவரும் இதே ஜிரூதான்.)

ஆட்டத்தின் 51-வது நிமிடம், கிரீஸ்மன் எடுத்த கார்னர். உம்டிட்டி, தன்னைவிட உயரமான ஃபெல்லாய்னிக்கு முன்னால் எம்பித் தலையால் முட்டினார். 1-0. அதுவே முடிவு. பிரான்ஸ் இறுதியாட்டத்தில் குரோஷியாவை 4-2 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. பெல்ஜியம் இங்கிலாந்தை 2-0 என்று வென்று மூன்றாம் இடம் பெற்றது. உலகக் கிண்ணத்தில் அந்த நாட்டின் மிகச் சிறந்த இடம் அது.

ஹென்ரிக்கு ஒரு வசதி இருந்தது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் பிரான்ஸுக்குக் கடைசியாக ஆடியது 2010-ல். எட்டு ஆண்டுகளில் குழு பெரும்பாலும் மாறிவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்க அவரிடம் இரகசியம் எதுவும் இல்லை. கிளப் காற்பந்தில் நிலைமை இன்னும் சூடானது. அந்தோனியோ கொந்தே 1991 முதல் 2004 வரை யுவெந்துஸில் ஆடி, கேப்டனாகவும் இருந்து, பிறகு அதே கிளப்பின் பயிற்றுநராக மூன்று முறை இத்தாலிய லீக்கை வென்று கொடுத்தவர். 2019-ல் பரம எதிரியான இண்டர் மிலானுக்குப் போனார். யுவெந்துஸ் அரங்கில் அவர் பெயரில் இருக்கும் நட்சத்திரத்தைப் பெயர்த்தெடுங்கள் என்று இரசிகர்கள் மனுப் போட்டார்கள். 2021-ல் இண்டர் லீக்கை வென்று, யுவெந்துஸின் தொடர் ஒன்பது ஆண்டு ஆதிக்கத்தை முடித்து வைத்தது. இரசிகர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கொந்தே அரைமனதோடு வேலை செய்து இண்டரைத் தோற்க விட்டிருந்தால் அவர்கள் மதித்திருப்பார்களா?

எங்கள் அண்ணனை ஒரு நாள் கடைத்தெருவில் பார்த்தேன். நேராகவே கேட்டேன். "அண்ணே, எங்க கோல்கீப்பருக்கு இடது தோள்பட்டைல காயம் இருக்கு, உங்களுக்குத் தெரியும். உங்க பசங்ககிட்ட சொல்வீங்களா?"

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "அது எங்கிட்ட அவன் நம்பிச் சொன்னது. சொல்ல மாட்டேன். ஆனா உங்க பசங்க கார்னர் வந்தா தூங்குவாங்கன்னு சொல்வேன்டா. அது நான் சொல்லித்தான் தெரியணுமா? திடல்ல நிக்கிற ஆடு மாடுக்கே தெரியும்."

நம்பிக்கையாகக் கேட்டது ஒன்று, கண்ணால் பார்த்தது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் அவர் கோடு போட்ட இடம் எனக்குச் சரியாகப்பட்டது. கடைக்கு வேலை மாறுகிறவர், அலுவலகம் மாறுகிறவர், கல்லூரி விவாதக் குழு மாறுகிறவர், எல்லாருக்கும் இந்தக் கோடு தேவைப்படும். கற்றுக்கொண்ட திறமை உங்களோடு வரும், அதை யாரும் பிடுங்க முடியாது. பழைய முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியல் உங்களோடு வரக் கூடாது.

அந்த வருட இறுதியாட்டத்தில் 2-1 என்று தோற்றோம். இரண்டு கோலும் கார்னரில். எங்கள் கோல்கீப்பரின் இடது பக்கம் யாரும் குறி வைக்கவில்லை. நான் அதை எண்ணிக்கொண்டேதான் பார்த்தேன்.

ஹென்ரியின் கதை அதற்குப் பிறகும் ஓடியது. 2021-ல் மறுபடி பெல்ஜியம் பெஞ்சுக்கு வந்தார். அந்த அக்டோபரில் தூரின் நகரில் நேஷன்ஸ் லீக் அரையிறுதி, மீண்டும் பிரான்ஸ். பெல்ஜியம் 2-0 என்று முன்னால் இருந்து 3-2 என்று தோற்றது. பிறகு 2023-ல் பிரான்ஸே அவரைக் கூப்பிட்டு 21 வயதுக்குட்பட்டோர் குழுவைக் கொடுத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த பிரான்ஸ் குழு, ஸ்பெயினிடம் கூடுதல் நேரத்தில் 5-3 என்று தோற்று வெள்ளி வாங்கியது. எதிரணி பெஞ்சில் உட்கார்ந்தவருக்குக் கதவை மூட வேண்டும் என்று பிரான்ஸ் நினைக்கவில்லை.

"துரோகி" என்று எழுதிய தம்பி இன்னும் அண்ணனிடம் பேசவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அண்ணனை அழைத்திருக்கிறேன், கார்னரில் எப்படி நிற்பது என்று காட்ட. அவருடைய குழுவிடமும் சொல்லிவிட்டுத்தான் வருகிறாராம். தம்பிக்கும் செய்தி அனுப்பியிருக்கிறேன். நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.