மின்னணுச் சாதனங்களும் சுற்றுச்சூழலும்: நட்சத்திரக் குறியீடு மட்டும் போதுமா?

தமிழ்நாட்டை ஒட்டியுள்ள கேரள மாவட்டங்களுள் பாலக்காடும் இடுக்கியும் இயற்கை அமைப்பில் பெரிதும் வேறுபட்டவை. கோடையில் பாலக்காட்டுச் சமவெளியின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடுவதுண்டு. மூணாறு, தேவிகுளம் போன்ற இடுக்கி மலையூர்களிலோ மின்விசிறியின் தேவையே குறைவு. ஆயினும், வீட்டுச் சாதனம் வாங்கும்போது இரு பகுதியினருக்கும் கைகொடுப்பது ஒரே நட்சத்திரக் குறியீடுதான். ஒரு சாதனம் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என்பதை அறிய இந்தக் குறியீடு மட்டும் போதுமா என்பது ஆராயத்தக்கது.

மின்சாரச் செலவு

மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் நட்சத்திரத் திட்டத்தைத் தொடங்கியது. கூரை மின்விசிறிகளுக்கு இது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. இதன் பயன் பாலக்காட்டில் தெளிவாகத் தெரியும். 75 வாட் விசிறிக்குப் பதிலாக 30 வாட் விசிறி நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால், ஓராண்டில் சுமார் 164 யூனிட் மின்சாரம் மிச்சமாகும். அதே விசிறி மலையூரில் சில வாரங்களே சுழலுமாயின், மிச்சமும் அந்த அளவுக்குக் குறையும்.

இடுக்கியில் 1976 முதல் இயங்கிவரும் 780 மெகாவாட் நீர்மின் நிலையம் இருப்பதால், அங்கே மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த வேண்டியதில்லை என்று கருதுவது தவறு. கேரளம் தன் மின்தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து பெறுகிறது. அதில் கணிசமான பகுதி நிலக்கரி மின்சாரம். மாலை நேரத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் அணையின் நீரையோ நிலக்கரியையோ காக்கிறது.

ஆயுட்காலம்

கைப்பேசியின் கணக்கு வேறு. அது உண்ணும் மின்சாரம் மிகச் சிறிது. அதனால் விளையும் கரிம வெளியேற்றத்தின் பெரும்பங்கு உற்பத்தியின்போதே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே பழைய கைப்பேசியை இன்னும் ஓராண்டு பயன்படுத்துவது சிறந்த சிக்கனம். பழுதுபார்க்க இயலுமா, உதிரிப் பாகம் கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு நட்சத்திரக் குறியீட்டில் விடை இல்லை. மின்வழங்கிப் பகுதியிலுள்ள சிறிய மின்தேக்கி ஒன்று கெட்டதனால் முழுத் தொலைக்காட்சிப் பெட்டியும் பழைய சாமானாகிவிடுவதுண்டு. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி மின்னல் மிகுந்த இடுக்கியில், பிற்பகல் வானம் இருளும்போதே மின்செருகியைக் கழற்றிவிடும் பழக்கம் சாதனத்தின் ஆயுளை நீட்டிக்கிறது. விலை கொடுக்க வேண்டாத சுற்றுச்சூழல் பாதுகாப்பு இது.

இறுதி நிலை

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயமும், குழல் விளக்குகளில் பாதரசமும் உள்ளன. செம்புக்காகக் கம்பிகளை எரித்தால் டையாக்சின் என்னும் நச்சு வெளிப்படுகிறது. எரிப்பவருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அதனால் தீங்கு நேர்கிறது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள், சாதனங்களில் ஈயம், பாதரசம் முதலியவற்றுக்கு எடையில் 0.1 விழுக்காடும் காட்மியத்துக்கு 0.01 விழுக்காடும் உச்ச வரம்பாக நிர்ணயித்துள்ளன. சில சாதனங்களுக்கு விலக்கும் உண்டு. கழிவு மறுசுழற்சி செய்யப்படுவதை உறுதிப்படுத்தும் பொறுப்பையும் அவ்விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. கேரளத்தில் 2013-இல் நிறுவப்பட்ட கிளீன் கேரளா நிறுவனம் உள்ளாட்சி அமைப்புகள் வழியே மின்னணுக் கழிவுகளைப் பெறுகிறது.

எனினும், விதி எங்கும் ஒன்றாயினும் தொலைவு ஒன்றல்ல. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு இருப்புப் பாதை உண்டு. இடுக்கி மாவட்டத்தில் இருப்புப் பாதையே இல்லை. மலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கும் செலவு அதன் பழைய விலையை விஞ்சிவிடலாம். அங்கே திரும்பப் பெறும் ஏற்பாடு வீட்டு வாசலுக்கே வந்தாலன்றி விதியின் நோக்கம் நிறைவேறாது.

வாங்குவோர் கவனத்திற்கு

முகப்புச் சீட்டில் நட்சத்திரத்தோடு அது எந்த ஆண்டுக்குரியது என்பதையும் ஆண்டு மின்செலவையும் பார்த்தல் வேண்டும். தரவரம்பு அவ்வப்போது உயர்த்தப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரம் புதியதற்கு ஈடாகாது. பழுது நீக்கும் இடம் அருகில் உள்ளதா, பழையதைத் திரும்பப் பெறுவார்களா என்று கடையிலேயே கேட்டறிதல் நலம். வெப்பமான ஊரில் மின்செலவுக்கும், குளிர்ந்த மலையூரில் ஆயுளுக்கும் திரும்பப் பெறும் வசதிக்கும் முதலிடம் தருவதே பொருத்தமான மதிப்பீடாகும்.