மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயும் சுமையும்

ஹரியானா, ராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் அதிகாலை வேளையில், இருமருங்கும் பெரிய பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நகரை நோக்கி விரையும் பால்காரர்களைக் காணலாம். அவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு பக்கத்தில் கேன் சட்டத்தை ஒட்டித் தாழத் தொங்கும்; மறுபக்கத்திலோ புகைக்குழாயும் சைலன்சரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்பக்கத்துக் கேனை வெளியே தள்ளிக் கட்டினால் வண்டி ஒருபுறம் இழுக்கும். நெருக்கிக் கட்டினால் பாலில் உஷ்ணம் ஏறும். குழாயை வெட்டி வேறுவிதமாக வளைத்துவிட்டால் என்ன என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அக்குழாய் வெறும் புகைவழி அன்று.

எஞ்சினின் வெளியேற்று வால்வு திறந்தவுடன் மிகுந்த அழுத்தமுடைய வாயு குழாயினுள் பாய்கிறது; அதனுடன் ஓர் அழுத்த அலையும் ஓடுகிறது. குழாய் அகன்று சைலன்சராக விரியும் இடத்தை எட்டியதும், அவ்வலையின் ஒரு பகுதி தாழ்வழுத்த அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்புகிறது. தக்க தருணத்தில் வந்து சேருமாயின், அது எஞ்சிய புகையை இழுத்து வெளியேற்றிப் புதிய கலவைக்கு வழிசெய்யும். சூடான வாயுவில் அலையின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். குழாயின் நீளம் 75 செ.மீ. எனக் கொண்டால், போய்த் திரும்ப 3 மில்லி விநாடி ஆகும். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் எஞ்சினில், அதற்குள் கிராங்குத் தண்டு 90 பாகை திரும்பிவிடும். கேனுக்கு இடம்விட வேண்டிக் குழாயை 15 செ.மீ. நீட்டினால் அலை 18 பாகை பிந்தி வரும். சாதாரண வண்டியில் இதனால் பெருநஷ்டம் நேராது என்பது உண்மையே. எனினும் சுமையுடன் மேடேறுகையில் எந்த வேகத்தில் இழுவை வேண்டுமோ, அங்கே அது குன்றிவிடலாம்.

ஆகவே, மாற்றியே தீரவேண்டுமெனில், எஞ்சினிலிருந்து சைலன்சர் வரையுள்ள முன்குழாயைத் தொடாமல், சைலன்சரின் சாய்வை மட்டும் சற்றுத் தாழ்த்துவதே நலம். அதற்கும் எல்லை உண்டு. வளைவில் வண்டி சாயும்போது அது தரையில் உராய்தல் கூடாது.

பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலுக்குப் பிற்பட்ட வண்டிகளில் இவ்வேலை எளிதன்று. புகைவழியில் ஆக்ஸிஜன் உணரியும், நச்சுவாயுக்களை மாற்றும் வினையூக்கியும் அமைந்துள்ளன. வினையூக்கி ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பம் அடைந்த பின்னரே செவ்வனே செயற்படும். அதனை எஞ்சினுக்கு அப்பால் தள்ளினால் சூடேறத் தாமதமாகும். உணரிக்கு முன்னுள்ள இணைப்பில் வெளிக்காற்றுப் புகுந்தாலோ, எரிபொருள் போதவில்லை எனக் கட்டுப்பாட்டுக் கருவி தவறாகக் கொண்டு பெட்ரோலைக் கூட்டிவிடும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் குறிப்பினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் தடுக்கிறது.

உண்மையில், குழாயை விட்டுச் சுமையை நகர்த்துவதே மலிவான வழி. கேனுக்கும் சைலன்சருக்கும் நடுவே பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றை, இரண்டையும் தொடாதவாறு, காற்றோட இடம்விட்டுப் பொருத்தினால் வெப்பக்கதிர்களில் பெரும்பகுதி திரும்பிவிடும். துணிப்பையோ பிளாஸ்டிக் பெட்டியோ கட்டுவோருக்கு இது இன்னும் அவசியம். பாலிஎதிலீன் 100 டிகிரியைச் சற்றுக் கடந்ததுமே இளகத் தொடங்கும். நெடும்பயண வண்டிகள் பலவற்றில் சைலன்சர்ப் பக்கத்துப் பெட்டியைச் சிறிதாகவே செய்கிறார்கள். கனமான பொருள்களை அச்சிறு பெட்டியிலும், பருமனான இலேசான பொருள்களை மற்றதிலும் வைத்தால் இருபுறமும் எடை ஒத்துவிடும்.